அளவையும் ஆய்வகமும்

நுழையும்முன்

மாரிகுப்பத்திலும் அதனைச் சூழ்ந்த தங்கவயல் ஊர்களிலும் வாழ்வோர் நாள்தோறும் மண்குன்றுகளைக் காண்கின்றனர். மழைநீர் அரித்த வடுக்களுடன் அவை நிற்கின்றன. மக்கள் அவற்றைச் சயனைடு குன்றுகள் என அழைப்பர். அவை இயற்கையாய் அமைந்த குன்றுகள் அல்ல. பூமிக்கு அடியிலிருந்து வெட்டி எடுத்த கல்லை மாவாக அரைத்து, அதிலுள்ள பொன்னைப் பிரித்தெடுத்த பின்னர்க் கொட்டப்பட்ட எச்சமே அவை. அக்கல்லை வெட்டியோருள் பெரும்பாலோர் வடஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து குடிபெயர்ந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள் ஆவர். நம்முள் பலருக்கு அவர்கள் முன்னோர்.

சுரங்கத்தின் உழைப்பைப் பற்றி நம் வீடுகளில் பல செய்திகளைக் கேட்டிருப்போம். ஆனால், சுரங்கத்தின் அருகே அமைதியாக இயங்கிய மற்றொரு பணியிடத்தைப் பற்றி மிகுதியாகக் கேட்டிருக்க மாட்டோம். அதுவே ஆய்வகம். கண்ணுக்குத் தெரியாத பொருள்களை அளந்து, அந்த அளவைக் கொண்டு ஒரு செயலை முடிவு செய்ய உதவும் ஆய்வைப் பயன்முறை ஆய்வு என்பர். வேதியியல், நிலவியல், உணவியல் ஆகிய மூன்று துறைகளிலும் அவ்வாய்வு எவ்வாறு நடைபெறுகிறது என்பதை நம் ஊரிலிருந்து தொடங்கி இப்பாடத்தில் காண்போம்.

1. ஒரு டன் கல்லில் எவ்வளவு பொன்?

ஜான் வாரன் என்பவர் ஆங்கிலேயப் படையில் பணியாற்றியவர். நில அளவைப் பணிக்காக இப்பகுதிக்கு வந்த அவர், மாரிகுப்பம், உரிகம் ஆகிய ஊர்களில் மக்கள் மண்ணைத் தோண்டிக் கழுவிப் பொன்துகள் எடுத்ததை 1802ஆம் ஆண்டில் பதிவு செய்தார். நம் ஊரின் பெயர் பொன்னோடு சேர்ந்து ஏட்டில் ஏறி இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே பொறுப்பேற்ற பின்னர், கைத்தொழிலாக இருந்த பொன்னெடுப்பு பெருந்தொழிலாக மாறியது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்படும் வரை, ஏறத்தாழ 5 கோடி டன் கல்லிலிருந்து சுமார் 800 டன் பொன் எடுக்கப்பட்டது.

இவ்விரு எண்களையும் வகுத்துப் பார்ப்போம். ஒரு டன் கல்லுக்குச் சராசரியாக 16 கிராம் பொன் கிடைத்துள்ளது. இது எவ்வளவு சிறியது என்பதை உணர, அரிசியை எண்ணிப் பார்க்கலாம். 1 கிராம் எடைக்குச் சுமார் 50 அரிசிமணிகள் நிற்கும். அவ்வாறாயின், ஒரு டன் அரிசியில் 5 கோடி மணிகள் இருக்கும். அந்த 5 கோடி மணிகளுள் 800 மணிகள் மட்டும் பொன் எனக் கொள்க. இதுவே தங்கவயல் கல்லின் சராசரி. தொடக்க காலத்தில் ஒரு டன்னுக்கு 40 கிராமுக்கு மேல் கிடைத்ததும் உண்டு. இறுதிக் காலத்தில் அது ஏறக்குறைய 3 கிராமாகக் குறைந்தது. அதாவது, 5 கோடி மணிகளுள் 150 மணிகள். எடுக்கும் செலவு பொன்னின் விலையைக் கடந்தபோது சுரங்கம் மூடப்பட்டது.

இவ்வளவு சிறிய அளவைக் கண்ணால் பார்த்து மதிப்பிட இயலாது. ஒரு பாறை பளபளப்பதனால் அதில் பொன் இருப்பதாகக் கூற முடியாது. மங்கலாக இருப்பதனால் பொன் இல்லை என ஒதுக்கவும் முடியாது. எந்தத் திசையில் தோண்டுவது, எந்த இடத்தை விடுவது என்பதை அளவே முடிவு செய்தது. ஆகவே, தங்கச் சுரங்கம் உள்ள இடங்களிலெல்லாம் தங்கச் சோதனைக் கூடமும் உடன் அமைந்தது.

2. மாதிரி எடுத்தல்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நாம் அறிந்த பழமொழி. ஆய்வகத்தின் முதல் விதியும் அதுவே. ஆனால், அந்த ஒரு சோறு பானை முழுவதையும் உண்மையாகக் காட்டுவதாக இருத்தல் வேண்டும். பானையின் அடியில் சோறு குழைந்தும் மேலே வேகாமலும் இருந்தால், மேலிருந்து எடுத்த ஒரு பருக்கை நம்மை ஏமாற்றிவிடும்.

கல்லில் பொன் ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை. ஓரிடத்தில் துகளாகத் திரண்டிருக்கும். அடுத்த சாண் இடத்தில் சிறிதும் இராது. எனவே, பாறையின் முகத்தில் பல இடங்களில் வெட்டி எடுத்த துண்டுகளை ஒன்றாக்கி நொறுக்குவர். நொறுக்கிய கல்லைக் கூம்பு வடிவக் குவியலாகக் குவிப்பர். குவியலைத் தட்டையாக்கி நான்கு கூறுகளாகப் பிரித்து, எதிரெதிரே உள்ள இரு கூறுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குவர். மீதியை மேலும் நுணுக்கி, மீண்டும் குவித்து, மீண்டும் நான்காகப் பிரிப்பர். இறுதியில் ஒரு கைப்பிடித் தூள் நிற்கும். அந்தக் கைப்பிடித் தூள் வண்டி வண்டியான கல்லுக்குச் சான்று கூறும்.

இம்முறை தங்கத்திற்கு மட்டும் உரியதன்று. ஒரு மூட்டைப் பருப்பில் கலப்படம் உள்ளதா என்று பார்க்கும் உணவு ஆய்வாளரும், ஒரு வயலின் மண்வளத்தைச் சோதிக்கும் வேளாண் அலுவலரும் இவ்வாறே நான்காகப் பகுத்து மாதிரி எடுக்கின்றனர். மாதிரி தவறானால், அதன்பின் எவ்வளவு நுட்பமான கருவியைப் பயன்படுத்தினாலும் விடை தவறாகவே அமையும்.

3. மூசையில் மாவு

தட்டார் பொன்னின் மாற்றை அறிய உரைகல்லைப் பயன்படுத்துவார். குன்றிமணியைக் கொண்டு நிறுப்பார். ஒரு குன்றிமணியின் எடை ஏறத்தாழ 120 மில்லிகிராம். ஆனால், சோதனைக் கூடத்திற்கு வரும் 30 கிராம் கல்தூளில் இருக்கும் பொன் அரை மில்லிகிராம் அளவே. அதனைப் பிரித்து நிறுக்கப் பின்பற்றப்பட்ட முறை நெருப்புச் சோதனை ஆகும். உலகெங்கும் இன்றும் தங்கத் தாதுவைச் சோதிக்க இம்முறை பயன்படுகிறது.

நுணுக்கிய கல்தூளை மிருதார்சிங்கி எனப்படும் ஈய ஆக்சைடு, சோடா உப்பு, வெண்காரம் ஆகியவற்றுடன் கலந்து மண் மூசையில் இடுவர். அதனுடன் சிறிதளவு கோதுமை மாவும் சேர்ப்பர். பொன்னைத் தேடும் இடத்தில் மாவுக்கு என்ன வேலை? உலையின் வெப்பத்தில் மாவு கரியாகிறது. அந்தக் கரி, ஈய ஆக்சைடிலுள்ள ஆக்சிஜனைக் கவர்ந்துகொள்கிறது. ஆக்சிஜனை இழந்த ஈயம் உலோகத் துளிகளாக மாறி, உருகிய குழம்பின் ஊடே மழைபோல் கீழிறங்குகிறது. இறங்கும்போது வழியிலுள்ள பொன்னையும் வெள்ளியையும் தன்னுடன் சேர்த்துக்கொள்கிறது. சோடாவும் வெண்காரமும் கல்லை உருக்கிக் கண்ணாடி போன்ற கசடாக மேலே மிதக்கச் செய்கின்றன.

ஆறிய பின்னர்க் கசடை உடைத்து நீக்கினால் ஈயக் கட்டி கிடைக்கும். அதனை எலும்புச் சாம்பலால் செய்த சிறு கிண்ணத்தில் வைத்து மீண்டும் உலையில் இடுவர். இப்போது காற்றுப் பட்டு ஈயம் மறுபடியும் ஆக்சைடாகிறது. சாம்பல் கிண்ணம் அதனை உறிஞ்சிக்கொள்கிறது. பொன்னும் வெள்ளியும் ஆக்சைடாவதில்லை. ஆகவே அவை கடுகினும் சிறிய மணியாக எஞ்சி நிற்கின்றன. அம்மணியை நைட்ரிக் அமிலத்தில் இட்டால் வெள்ளி கரைந்துவிடும். பொன் மட்டும் நிற்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்பட்ட தராசில் அதனை நிறுப்பர். மூச்சுக்காற்றும் பட்டுவிடாதபடி காக்கப்பட்ட அத்தராசு, ஒரு மில்லிகிராமின் நூறில் ஒரு பங்கையும் காட்டவல்லது.

ஒரே தூளில் இருமுறை சோதனை செய்து, இரு விடைகளும் ஒத்துவந்தால் மட்டுமே அதனை ஏற்பது ஆய்வக மரபு. ஒருவர் ஒருமுறை கண்டது செய்தி. மீண்டும் செய்தபோதும் அதுவே கிடைத்தால்தான் அது சான்று.

4. கரைக்கும் உப்பு

பொன் எவ்வளவு உள்ளது என்று அறிவது ஒன்று. அதனைக் கல்லிலிருந்து முழுவதும் வெளியேற்றுவது வேறொன்று. தொடக்கத்தில் அரைத்த கல்லைப் பாதரசம் பூசிய தகடுகளின் மீது நீருடன் ஓடவிட்டனர். பொன் பாதரசத்துடன் ஒட்டிக்கொண்டது. எனினும், மிக நுண்ணிய பொன்துகள்கள் நீரோடு சென்றுவிட்டன. அவ்வாறு கழிந்த மண்ணில் கணிசமான பொன் தங்கியிருந்ததைச் சோதனைக் கூடங்களின் அளவுகள் காட்டின. ஆனால், அதனை மீட்க வழி இல்லாதிருந்தது.

அந்த வழி 1887ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் பிறந்தது. மெக்ஆர்தர் என்னும் வேதியியலாளரும் ஃபாரஸ்ட் உடன்பிறப்பினர் இருவரும், மிகவும் நீர்த்த சயனைடு கரைசல் பொன்னைக் கரைக்கும் என்பதைப் பயன்படுத்தி ஒரு செய்முறையை உருவாக்கினர். காற்றிலுள்ள ஆக்சிஜனின் உதவியுடன் பொன் அக்கரைசலில் கரைகிறது, கல் கரைவதில்லை. தெளிந்த கரைசலில் துத்தநாகத்தைச் சேர்த்தால், கரைந்த பொன் மீண்டும் திடப்பொருளாகப் படிகிறது. இச்செய்முறை சில ஆண்டுகளுக்குள் உலகின் பெரிய தங்கச் சுரங்கங்களுக்குப் பரவியது. கோலார் தங்கவயலுக்கும் வந்தது.

சயனைடு கொடிய நஞ்சு என்பதை அனைவரும் அறிவர். கரைசல் அமிலத் தன்மை அடைந்தால் அதிலிருந்து நச்சுவாயு எழும். அதனைத் தடுக்கச் சுண்ணாம்பு சேர்த்துக் கரைசலைக் காரத் தன்மையில் வைப்பர். காரத்தின் அளவு குறைகிறதா என்பதை இடைவிடாமல் அளந்துகொண்டே இருத்தல் வேண்டும். இங்கு அளவு என்பது இலாபத்தைப் பற்றியது மட்டும் அன்று. அங்கு நின்று பணிபுரிவோரின் உயிரைப் பற்றியதும் ஆகும்.

5. பாறையின் ஓசை

வேதியியலார் கல்லின் உள்ளிருப்பதை அளந்தனர். நிலவியலார் கல் தாங்கும் சுமையை அளந்தனர். தங்கவயலின் பாறைகள் ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகள் பழமையானவை. அவற்றின் இடையே வெண்மையான குவார்ட்சுக் கல் நரம்புபோல் கீழ்நோக்கி ஓடுகிறது. பொன் அந்த நரம்பில் உள்ளது. அதனைப் பின்தொடர்ந்து சென்ற சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமுடையதாயிற்று. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைக் கடந்தது.

3,000 மீட்டர் ஆழத்தில் பாறை எவ்வளவு சுமையைத் தாங்குகிறது? ஒரு கனமீட்டர் பாறையின் எடை சுமார் 2.9 டன். எனவே, அங்கு ஒவ்வொரு சதுர மீட்டரின் மீதும் சுமார் 8,700 டன் பாறை அழுத்துகிறது. உங்கள் சுண்டுவிரல் நகத்தளவே உள்ள ஒரு சதுர சென்டிமீட்டரின் மீது 870 கிலோகிராம். கல்லை வெட்டி எடுத்து வெற்றிடம் உண்டாக்கினால், அந்தச் சுமை பக்கத்துப் பாறைக்கு மாறுகிறது. தாங்கும் எல்லை கடக்கும்போது பாறை திடீரென வெடித்துச் சிதறுகிறது. இதனைப் பாறை வெடிப்பு என்பர். தொடக்க காலத்தில் ஏர் பிளாஸ்ட் என்னும் பெயராலும் குறித்தனர். மைசூர் அரசின் நிலவியல் துறையைச் சேர்ந்த ஸ்மீத் 1904ஆம் ஆண்டிலேயே தங்கவயலின் இவ்வெடிப்புகளைப் பற்றி அறிக்கை எழுதினார். பாறை வெடிப்பினால் பல தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

இதனைத் தடுக்க முதலில் அறிய வேண்டியது கல்லின் வலிமை. பாறையிலிருந்து உருளை வடிவில் ஒரு துண்டைத் துளைத்தெடுத்து, அழுத்தும் பொறியில் வைத்துச் சிறிது சிறிதாக அழுத்தத்தைக் கூட்டுவர். எந்த அழுத்தத்தில் அது சுருங்குகிறது, எதில் உடைகிறது என்பதைக் குறிப்பர். அந்த அளவுகளைக் கொண்டு, எவ்வளவு இடத்தை வெட்டலாம், எங்கே தாங்குசுவர் எழுப்ப வேண்டும் என்று திட்டமிடலாம். தங்கவயலில் மரத்தூண்களுக்கு மாற்றாகக் கருங்கல் சுவர்களை வெற்றிடங்களில் எழுப்பியது அத்தகைய அறிவின் பயனாகும்.

பிற்காலத்தில் மற்றொரு முறையும் சேர்ந்தது. பாறை உடைவதற்கு முன்பும் உடையும்போதும் அதனுள் நுண்ணிய அதிர்வுகள் எழுகின்றன. சுரங்கத்தைச் சுற்றிப் பல இடங்களில் அதிர்வுணரிகளைப் பொருத்தினால், ஓர் அதிர்வு ஒவ்வொரு கருவியையும் வெவ்வேறு நொடிப் பகுதியில் வந்தடையும். மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கொண்டு மின்னலின் தொலைவை நாம் கணிப்பதுபோல, இக்கால வேறுபாடுகளைக் கொண்டு பாறை உடைந்த இடத்தைக் கணிக்கலாம். சுரங்கம் மூடப்பட்டு உள்ளே நீர் நிறைந்த காலத்திலும் தங்கவயலில் நில அதிர்வுகள் பதிவாயின.

இவ்வூரின் அனுபவம் இவ்வூரோடு நின்றுவிடவில்லை. 1988ஆம் ஆண்டில் மத்திய அரசு தேசியப் பாறை இயந்திரவியல் நிறுவனத்தைத் தங்கவயலில் நிறுவியது. நாட்டின் அணைகள், நீர்மின் நிலையங்கள், சுரங்கப் பாதைகள் ஆகியவற்றின் பாறைகளை ஆராயும் பணியை அது மேற்கொண்டது. மலையைக் குடைந்த ஒரு பாதையில் தொடர்வண்டி பாதுகாப்பாகச் செல்வதற்குப் பின்னால், நம் முன்னோர் உயிரைப் பணயம் வைத்து இறங்கிய ஆழங்களில் பெற்ற அறிவும் உள்ளது.

6. அளக்கத் தாமதித்தது

பொன்னைத் தாங்கி நின்ற குவார்ட்சுக் கல்லின் வேதிப்பெயர் சிலிக்கா. அதனைத் துளையிடும்போதும் உடைக்கும்போதும் தூசி எழுகிறது. அத்தூசியில் ஒரு மில்லிமீட்டரின் இருநூறில் ஒரு பங்கினும் சிறிய துகள்கள் உண்டு. மூக்கும் தொண்டையும் அவற்றைத் தடுக்க இயலா. அவை நுரையீரலின் காற்றறைகள் வரை சென்று தங்கிவிடும். அவ்விடத்தில் தழும்பு உண்டாகும். தழும்பு பரவப் பரவ மூச்சு குறையும். இந்நோய்க்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். பாதிக்கப்பட்ட நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து இல்லை. வராமல் தடுப்பதே வழி.

இந்தியாவில் சிலிக்கோசிஸ் நோய் முதன்முதலில் கோலார் தங்கவயலில், 1947ஆம் ஆண்டில் பதிவானதாக மருத்துவ நூல்கள் குறிக்கின்றன. ஜான் டெய்லர் நிறுவனம் பணியைத் தொடங்கியது 1880. இவ்விரு ஆண்டுகளுக்கும் இடையே 67 ஆண்டுகள் உள்ளன. அதற்குள் எத்தனையோ பேர் இருமலுடன் ஊர் திரும்பியிருப்பர். ஒரே கல்லில் பொன்னும் இருந்தது, நோயும் இருந்தது. பொன்னை அளந்த தராசு தொடக்கத்திலேயே வந்தது. நோயின் கணக்கு இரண்டு தலைமுறைகளுக்குப் பின்னரே ஏட்டில் ஏறியது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது யாது? கருவி தானாக எதையும் அளப்பதில்லை. எதை அளக்க வேண்டும் என்று மனிதரே முடிவு செய்கின்றனர். எது விலை உடையது என்று கருதப்படுகிறதோ அது முதலில் அளக்கப்படுகிறது. தூசியை அளந்தால் அதனைக் குறைக்கும் வழியும் கிடைக்கும். துளையிடும் கருவியின் வழியே நீரைப் பாய்ச்சித் தூசியை அடக்குதல், காற்றோட்டத்தைப் பெருக்குதல், தொழிலாளர்களின் மார்பை ஊடுகதிர்ப் படம் எடுத்து நோயைத் தொடக்கத்திலேயே காணுதல் ஆகியவை அத்தகைய வழிகள்.

7. மைசூரில் ஓர் உணவு ஆய்வகம்

விலையுள்ள உலோகத்திற்குக் காட்டிய அதே நுட்பத்தை எளிய மக்களின் உணவுக்கும் காட்ட முடியுமா? முடியும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உள்ளது. 1950ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் மைசூர் நகரின் செலுவாம்பா மாளிகையில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் வி. சுப்பிரமணியன். உணவுப் பற்றாக்குறை நாட்டை வாட்டிய காலம் அது.

அந்நிறுவனம் எடுத்துக்கொண்ட பணிகளுள் ஒன்று குழந்தை உணவு. அக்காலத்தில் குழந்தைகளுக்கான பால்மாவு வெளிநாட்டிலிருந்து வந்தது. அது பசும்பாலால் ஆனது. இந்தியாவிலோ எருமைப்பால் மிகுதி. எருமைப்பாலில் கொழுப்பு சுமார் 7 விழுக்காடு. பசும்பாலில் சுமார் 4 விழுக்காடு. மேலும், எருமைப்பால் வயிற்றில் கெட்டியாகத் திரையும். ஆகவே, அது கைக்குழந்தைக்கு எளிதில் செரிக்காது. எருமைப்பால் குழந்தை உணவுக்கு ஏற்றதன்று என்பதே பலரின் கருத்தாக இருந்தது. மைசூர் ஆய்வாளர்கள் பாலின் கொழுப்பையும் தாது உப்புகளையும் அளந்து, கொழுப்பைக் குறைத்து, திரட்சி மென்மையாகும்படி செய்து, தூளாக்கும் முறையை உருவாக்கினர். ஆனந்து நகரிலுள்ள கூட்டுறவு நிறுவனமான அமுல் அம்முறையைப் பயன்படுத்திக் குழந்தை உணவைப் பெருமளவில் தயாரித்தது.

சுப்பிரமணியன் பின்னர்த் தஞ்சைப் பகுதியில் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையம் உருவாகக் காரணமானார். காவிரிப் படுகையில் குறுவை நெல் மழைக்காலத்தில் அறுவடைக்கு வரும். ஈர நெல் காயாமல் முளைத்தும் பூத்தும் கெடும். அதனைக் காப்பதே அம்மையத்தின் முதல் கவலை. அது வளர்ந்து இன்று தஞ்சாவூரில் தேசிய நிறுவனமாகத் திகழ்கிறது.

நம் வீட்டு அடுப்பங்கரையிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கேழ்வரகு கோலார் மாவட்டத்தின் முதன்மையான தானியம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கும் மேற்பட்ட கால்சியம் உள்ளது. ஆயினும், உண்ட கால்சியம் முழுவதும் உடலில் சேர்வதில்லை. தானியத்திலுள்ள ஃபைட்டேட் என்னும் பொருள் கால்சியத்தையும் இரும்பையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. தானியத்தை ஊறவைத்து முளைகட்டினால், அதனுள் உறங்கிக் கிடந்த நொதி விழித்தெழுந்து ஃபைட்டேட்டைச் சிதைக்கிறது. சத்து உடலுக்குக் கிடைக்கிறது. குழந்தைக்குக் கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, வறுத்து, அரைத்துக் கஞ்சி காய்ச்சித் தரும் பாட்டிமார் இதனை அனுபவத்தால் அறிந்திருந்தனர். ஏன் அவ்வாறு ஆகிறது என்பதை ஆய்வகம் அளந்து காட்டியது. அனுபவ அறிவு ஒரு வீட்டுக்குப் பயன்படும். அளந்து எழுதிய அறிவு ஆயிரம் வீடுகளுக்குச் செல்லும்.

8. குன்றுகளுக்கு முன் மூன்று துறைகள்

இனி, தொடக்கத்தில் கண்ட குன்றுகளுக்கே வருவோம். தங்கவயலில் 13 கழிவுக் குன்றுகள் உள்ளன. அவற்றில் சுமார் 3.3 கோடி டன் மண் இருப்பதாகவும், அதில் ஒரு டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவான பொன் எஞ்சியிருப்பதாகவும் மதிப்பிட்டுள்ளனர். அம்மண்ணிலிருந்து மீண்டும் பொன் எடுக்கும் திட்டத்திற்குக் கர்நாடக அமைச்சரவை 2024ஆம் ஆண்டில் இசைவளித்தது. ஆகவே, இக்குன்றுகள் மீண்டும் அளக்கப்படும். இம்முறை எவையெல்லாம் அளக்கப்பட வேண்டும்?

வேதியியலாரிடம் கேட்க வேண்டிய வினாக்கள் சில உள்ளன. சயனைடு வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் சிதையும் இயல்புடையது. ஆயினும், குன்றின் உட்பகுதியில் அது எவ்வளவு சிதைந்துள்ளது? மண்ணிலுள்ள கந்தகத் தாதுக்கள் நீரும் காற்றும் பட்டு அமிலமாக மாறக்கூடியவை. அந்த அமிலம் ஆர்செனிக் போன்ற நச்சுப் பொருள்களைக் கரைத்துச் செல்லுமா?

நிலவியலாரிடம் கேட்க வேண்டியவை வேறு. கோடைக் காற்றில் அத்தூசி எவ்வளவு தொலைவு பறக்கிறது? அதில் நுரையீரலை அடையும் நுண்டுகள் எவ்வளவு? மழைநீர் அதனை எந்த ஓடைக்கும் எந்தக் கிணற்றுக்கும் கொண்டு செல்கிறது? குன்றைத் தோண்டினால் சரியாமல் நிற்குமா?

உணவியலாரிடமும் வினாக்கள் உண்டு. குன்றின் அருகே விளையும் கீரையிலும் கேழ்வரகிலும், அங்கு மேயும் மாட்டின் பாலிலும் என்ன உள்ளது? தொலைவிலுள்ள, குன்றுகள் இல்லாத ஊரின் கீரையோடும் பாலோடும் ஒப்பிடும்போது வேறுபாடு தெரிகிறதா? இவ்வாறு ஒப்பிடுவதற்காக எடுக்கும் மாதிரியை ஒப்பீட்டு மாதிரி என்பர். அது இல்லாமல் அச்சமூட்டுவதும் தவறு. அது இல்லாமல் ஆறுதல் கூறுவதும் தவறு.

இவ்வினாக்களை ஒரு துறை மட்டும் தனியே விடுவிக்க இயலாது. மண்ணிலிருந்து நீருக்கும், நீரிலிருந்து பயிருக்கும், பயிரிலிருந்து உடலுக்கும் பொருள்கள் செல்கின்றன. மூன்று ஆய்வகங்களின் அளவுகளையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

சுரங்கம் மூடிய பின்னர் மாரிகுப்பத்திலிருந்து வேலைக்காகப் பெங்களூருக்குத் தொடர்வண்டியில் நாள்தோறும் சென்று திரும்புவோர் பலர். அவ்வீடுகளின் பிள்ளைகளுள் சிலர் நாளை ஆய்வகங்களில் பணியாற்றக்கூடும். தங்கவயலின் பொன்னை அளந்தோர் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர்கள். தங்கவயலின் நீரையும் மண்ணையும் உணவையும் அளக்கும் பணியில் இவ்வூரில் பிறந்தோரும் இடம்பெறுதல் வேண்டும். எந்தக் கிணற்றின் நீர் முன்பு இனித்தது, எந்தத் திசையில் தூசி பறக்கும் என்பதை அவர்கள் அறிவர். எதை அளக்க வேண்டும் என்று கேட்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு.

சொல்லும் பொருளும்

மூசை – உலோகத்தை உருக்கும் மண் கிண்ணம்
வெண்காரம் – உருக்குவதற்குத் துணைசெய்யும் வெண்ணிற உப்பு
மாற்று – பொன்னின் தரம்
கசடு – உருக்கிய பின் மேலே நிற்கும் கழிவு
நொதி – உயிர்ப்பொருளில் வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் பொருள்
இசைவு – ஒப்புதல்

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. நெருப்புச் சோதனையில் கோதுமை மாவு சேர்க்கப்படுவது ஏன்?
2. சயனைடு கரைசலில் சுண்ணாம்பு சேர்ப்பதன் காரணம் யாது?
3. பாறை உடைந்த இடத்தை அதிர்வுணரிகள் எவ்வாறு காட்டுகின்றன?
4. ‘ஒரே கல்லில் பொன்னும் இருந்தது, நோயும் இருந்தது.’ இத்தொடரை விளக்குக.

ஆ. பிரித்து எழுதுக.
பொற்கொல்லர், கருங்கல், நுண்டுகள், வெண்காரம்

இ. கணக்கிடுக.
ஒரு டன் கல்லில் 3 கிராம் பொன் உள்ளது. 12 கிராம் எடையுள்ள ஒரு மோதிரத்திற்கு எத்தனை டன் கல் தேவை?

ஈ. செயல் திட்டம்.
உங்கள் தெருவில் மூன்று இடங்களில் ஒரே அளவுள்ள வெள்ளைத் தாளில் சிறிது எண்ணெய் தடவி, ஒரு நாள் முழுவதும் திறந்த வெளியில் வைக்கவும். ஒட்டிய தூசியை ஒப்பிடவும். குன்றின் அருகிலும் குன்றிலிருந்து தொலைவிலும் ஓரிடம் இருக்கட்டும். நாள், காற்றின் திசை, கண்டவை ஆகியவற்றை அட்டவணையாக எழுதி, வீட்டிலுள்ள பெரியோரிடம் சுரங்கக் காலத்துத் தூசியைப் பற்றிக் கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.